‘பரவாயில்லைங்க டாக்டர்’ என்பதற்குப் பின்னால்: கீமோ நோயாளிகளிடம் போனில் நலம் கேட்பது

கேள்வி கேட்டவர் ஒரு புற்றுநோய்ப் பிரிவில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறார். கீமோ எடுக்கும் நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை போனில் உடம்பு, மனசு இரண்டையும் பற்றிய கேள்விகளை அனுப்பி, பதில்களைக் கணினியில் பார்க்கும் ஏற்பாடு ஒன்றை அவர்கள் நிர்வாகம் வாங்கப் போகிறதாம். அங்குள்ள மூத்த மருத்துவர், “எப்படி இருக்கீங்கன்னு ஒவ்வொரு தடவையும் நான்தான் கேட்கிறேனே, இது எதுக்கு?” என்கிறாராம். உண்மையிலேயே பயன் உண்டா, எந்தக் கேள்வித்தாளை எடுப்பது, எங்கே சறுக்கும் என்பது கேட்டவரின் கேள்வி. இந்த வேலையில் பல ஆண்டுகள் கிடந்து உழன்றிருப்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த மூத்த மருத்துவருக்கு. அவர் சொல்வது பொய்யில்லை, கேட்கத்தான் செய்கிறார். சிக்கல் பதிலில் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “எப்படி இருக்கீங்க?” என்றால் ஒவ்வொரு முறையும் “பரவாயில்லைங்க டாக்டர்” என்பார். ஒருநாள் காத்திருக்கும் அறையில் டேப்லெட்டைக் கையில் கொடுத்தோம். சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘மிக அதிகம்’ என்று தொட்டிருந்தார். அதைப் பார்த்த நர்ஸ் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, மூன்று முறையாக அவர் பொத்தான் இல்லாத டி-ஷர்ட்டில்தான் வந்துகொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “சொன்னா மருந்தைக் குறைச்சிருவீங்களே” என்றார்.

அவர் பயம் நியாயமானது, குறைக்கத்தான் செய்வோம். ஆனால் அந்த மருந்தின் நரம்புப் பாதிப்பு டோஸ் ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போவது. நிறுத்திய பிறகும் சில மாதம் கூடக்கூடும். தாமதமாகத் தெரிந்தால் குறைத்தும் பயனில்லை. எதிரில் வெள்ளைக் கோட்டு, பின்னால் வரிசை, பக்கத்தில் கவலையோடு மனைவி என்று உட்கார்ந்திருக்கும் மனிதர் வாயால் சொல்லாததை ஒரு திரையில் தொட்டுவிட்டுப் போகிறார். மருத்துவர்கள் பதிவுசெய்யும் பக்கவிளைவுகளையும் நோயாளிகளே எழுதித் தருவதையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. சோர்வு, குமட்டல், பசியின்மை போன்றவற்றை மருத்துவர்கள் குறைவாகவே குறிக்கிறார்கள் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்காக மருத்துவர் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனைத் தாள் கேட்காமலே மேசைக்கு வந்துவிடுகிறது, சோர்வு வருவதில்லை.

சரி, கேட்பதால் நோயாளிக்கு என்ன ஆகிறது? அதிகம் பேசப்படும் ஆய்வு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈத்தன் பாஷ் குழுவினர் செய்தது. பரவிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழு, பொதுவான 12 அறிகுறிகளைக் கணினி வழியாகச் சொல்லிவந்தது. ஏதாவது ஒன்று கடுமையானாலோ, முன்பு சொன்னதைவிட இரண்டு புள்ளி மோசமானாலோ நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். 2016-இல் வந்த முடிவில், வாழ்க்கைத்தரம் மேம்பட்டவர்கள் 34 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 18 சதவீதம். ஓராண்டுக்குள் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் 34 சதவீதம், மற்ற குழுவில் 41. கீமோவைச் சராசரியாக 8.2 மாதம் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் 6.3 மாதம். அடுத்த ஆண்டு வெளியான தொடர்ச்சிதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்ற குழுவில் 26. புது மருந்து ஒன்று இதைச் செய்திருந்தால் அதன் விலையை நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கணினிப் பழக்கம் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் அந்த ஆய்வில் பயன் கூடுதலாகத் தெரிந்தது. ‘எங்க பேஷன்டுங்களுக்கு இதெல்லாம் வராது’ என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

பிரான்சில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஃபாப்ரிஸ் டெனிஸ் குழு செய்ததும் இதே வரிசைதான். சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்புக்காக, வாரம் ஒருமுறை இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவது. இறுதி முடிவில் இடைநிலை வாழ்நாள் 22.5 மாதம், வழக்கமான கண்காணிப்பில் 14.9. நோய் திரும்பியபோது அந்தக் குழுவில் பெரும்பாலோர் அடுத்த சிகிச்சையைத் தாங்கும் தெம்போடு இருந்தார்கள். அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல், உடம்பு சொன்ன அன்றைக்கே கவனித்ததன் விளைவு. ஆனால் 121 பேர்தான், சின்ன ஆய்வு.

இப்போது விற்பனையாளர் சொல்லாத பகுதி. பாஷ் குழுவே பிறகு அமெரிக்காவில் 52 சிகிச்சை மையங்களில், 1191 பேரிடம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. உடல் செயல்பாடு, அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத்தரம் மூன்றும் மேம்பட்டன. பின்னர் வந்த இறுதி முடிவில் வாழ்நாளில் வித்தியாசம் இல்லை. ஆகவே ‘கேள்வித்தாள் ஆயுளைக் கூட்டும்’ என்று நிர்வாகத்திடம் சொல்லி இதை வாங்கவைக்காதீர்கள். நோயாளி குறைவாகத் துன்பப்படுவார், அதுவே வாங்குவதற்குப் போதுமான காரணம். ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அன்றாடச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்தச் சொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமோ 2007-லேயே எட்மன்டன் அறிகுறி அளவுகோலை (என்னவென்று பின்னால் சொல்கிறேன்) தன் புற்றுநோய் மையங்களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

நியூயார்க் ஆய்வில் எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸ்களுக்கு யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. அவர்களாகவே போன் செய்தார்கள், மாத்திரையை மாற்றச் சொன்னார்கள், வரச் சொன்னார்கள். முக்கால்வாசிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளுக்கு இப்படி ஏதோ ஒன்று நடந்தது. உண்மையில் பலன் வந்தது அங்கேதான். கேள்வித்தாள் ஒரு காலிங் பெல் மாதிரி, வீட்டுக்குள் ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு இனிமையாக அடித்தும் கதவு திறக்காது.

இதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. ஆரம்பித்த இரண்டாவது மாதம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு நோயாளி, கீமோ முடிந்து பத்தாவது நாள், ‘காய்ச்சல்: ஆம்’ என்று தொட்டு அனுப்பியிருக்கிறார். எச்சரிக்கை ஒரு பொது மின்னஞ்சல் பெட்டிக்குப் போயிற்று. அந்தப் பெட்டியை வாரநாட்களில் காலை எட்டு மணிக்குத்தான் திறப்போம். அவரோ, ‘ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டோம், கூப்பிடுவார்கள்’ என்று சனிக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஞாயிறு காலை அவர் மனைவிதான் பொறுக்காமல் அழைத்து வந்தார். வெள்ளையணுக்கள் தரைமட்டத்தில் கிடந்தன. பிழைத்துக்கொண்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள், எங்கள் ஆப் இல்லாமலிருந்தால் அவர் வெள்ளிக்கிழமை இரவே போன் செய்திருப்பார். நல்லது செய்யப் போய் ஒரு தடுப்புச் சுவரைக் கட்டியிருந்தோம்.

அதற்கப்புறம் மூன்று மாற்றங்கள் செய்தோம். படிவத்தின் முதல் திரையிலேயே பெரிய எழுத்தில், ‘இந்தப் பதில்களை வேலை நேரத்தில் மட்டுமே பார்ப்போம்’ என்று போட்டோம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, படிவம் அங்கேயே நின்று, தொட்டால் அழைப்பு போகும் இருபத்து நாலு மணிநேர எண்ணைக் காட்டும். அழைத்தபிறகுதான் அடுத்த கேள்வி. கடைசியாக, கேள்விகள் போகும் நாளை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்றினோம். இந்தக் கடைசி மாற்றத்துக்குக் காசு செலவே இல்லை, பலன் மட்டும் மற்ற இரண்டையும்விடக் கூடுதல் என்பது என் எண்ணம்.

எந்தக் கேள்வித்தாள் என்பதற்கு வருகிறேன். புழக்கத்தில் இருப்பவை நிறைய. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இஓஆர்டிசி 1993-இல் வெளியிட்ட கியூஎல்கியூ-சி30, முப்பது கேள்விகள், கடந்த ஒரு வாரத்தைப் பற்றியது. அதே ஆண்டு வந்த அமெரிக்காவின் ஃபாக்ட்-ஜி, 27 கேள்விகள். இரண்டும் ஆராய்ச்சிக்காகப் பிறந்தவை, வாழ்க்கைத்தரத்தை முழுசாகப் படம் பிடிக்கும். வாராவாரம் அனுப்புவதற்கு இவை கனம் அதிகம். மூன்றாவது வாரமே, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘கொஞ்சம்’ என்று தொட ஆரம்பிப்பார்கள். எட்மன்டன் அளவுகோல் ஒரே பக்கம்தான்: வலி, சோர்வு, குமட்டல், பதற்றம் போன்றவற்றுக்கு சுழியத்திலிருந்து பத்து வரை எண் கொடுப்பது. இரண்டு நிமிடம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புரோ-சிடிசிஏஇ ஒரு கிடங்கு மாதிரி. 78 பக்கவிளைவுகளுக்கு 124 கேள்விகள், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆக்சாலிபிளாட்டினுக்கு மரத்துப்போதல், கேப்சிடபினுக்கு உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கேற்பத் தொகுக்கலாம். என் சாய்வு இதன் பக்கம்: பத்துப் பன்னிரண்டு கேள்விகளை இதிலிருந்து எடுத்து வாராவாரம், கியூஎல்கியூ-சி30-இன் முப்பது கேள்விகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கியூஎல்கியூ-சி30-ஐ எடுத்தால் ஒரு பள்ளம் உண்டு, முன்பே காட்டிவிடுகிறேன். அதன் மதிப்பெண்கள் எல்லாம் சுழியத்திலிருந்து நூறு. உடல் செயல்பாட்டுக்கு எண்பது என்றால் நல்லது. வலிக்கு எண்பது என்றால் ஆள் துடித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். செயல்பாட்டு அளவுகளில் மேலே போனால் நன்மை, அறிகுறி அளவுகளில் மேலே போனால் தீமை. புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் வலிக் கட்டத்தில் 83-ஐப் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்காரே’ என்று அடுத்த பக்கம் போனதை நானே கண்டேன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எண்ணைக் காட்டாமல் நிறத்தைக் காட்டச் சொல்லுங்கள், போன வாரக் கோட்டையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்திலிருந்து பத்துப் புள்ளி நகர்ந்தால் சின்ன மாற்றம், பத்திலிருந்து இருபது நடுத்தரம், அதற்கு மேல் பெரிசு என்பது பழகிய கணக்கு. இன்னொன்று, இந்தக் கேள்வித்தாளுக்கு இஓஆர்டிசியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு சொல்லைக்கூட நாமாக மாற்றக் கூடாது.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. தமிழில் உடம்புச் சோர்வும் மனச்சோர்வும் எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்று. சின்னத் திரையில் வேகமாகப் படிப்பவர் ‘மனச்’ என்பதைத் தாண்டிப் போய்விடுவார், அல்லது ‘இதைத்தான் மேலேயே சொன்னேனே’ என்று அதே பதிலைத் தொடுவார். வாயால் கேட்கும்போது ‘அசதி’ என்று ஒன்றையும் ‘மனசு பாரமா இருக்கா’ என்று மற்றதையும் பிரித்துவிடலாம். எழுத்தில் அப்படிச் செய்ய, முறையாக மொழிபெயர்த்து, மறுபடி மூலமொழிக்குத் திருப்பி ஒப்பிட்டு, நோயாளிகளிடம் படிக்கக் கொடுத்துச் சோதித்த வடிவம் வேண்டும். மரத்துப்போதலும் அப்படித்தான். ஒருவருக்கு எறும்பு ஊர்கிறது, இன்னொருவருக்கு ஊசி குத்துகிறது, மூன்றாமவருக்குச் செருப்பு கழன்றதே தெரிவதில்லை. பதில்களுக்கான நான்கு படிகளில் மூன்றாவது படிதான் எப்போதும் தொல்லை. ‘ஓரளவு’ என்றால் குறைவாகவும் ‘அதிகம்’ என்றால் கடைசிப் படி போலவும் காதில் விழுகிறது. உங்கள் கையிலுள்ள வடிவத்தை ஐந்து நோயாளிகளிடம் கொடுத்து, ‘இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று உட்கார்ந்து கேளுங்கள். ஒரு பிற்பகல் போதும், கண் திறக்கும்.

மனநலக் கேள்விகள் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் எல்லா மென்பொருளிலும் தயாராக இருக்கும். ‘சேர்த்துக்கொள்ளலாமே’ என்பார்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பது. அதற்கு ‘ஆம்’ வந்தால் அன்றைக்கே பேச ஓர் ஆள் உங்களிடம் இருக்கிறாரா? இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் முதலில் ஆளைத் தேடுங்கள். அதுவரை சுழியத்திலிருந்து பத்து வரையிலான மனவுளைச்சல் அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு, நாலும் அதற்கு மேலும் வருபவர்களிடம் நேரில் பேசுங்கள்.

யார் நிரப்புகிறார்கள் என்பதையும் பாருங்கள். போன் பெரும்பாலும் மகனிடமோ மகளிடமோ இருக்கும். அவர்கள் நிரப்பினால் வாந்தி எத்தனை முறை என்பது சரியாக வரும், பயமாக இருக்கிறதா என்பது வராது. தாம்பத்தியம் பற்றிய கேள்வி இருந்தால் சொல்லவே வேண்டாம். ‘நோயாளியே நிரப்பினார் / அவர் சொல்ல மற்றவர் நிரப்பினார் / மற்றவரே நிரப்பினார்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். சில கேள்விகளை வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவமனை டேப்லெட்டில் தனியாக மட்டும் கேளுங்கள். கடவுச்சொல் வேண்டாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொட்டுப் பிறந்த ஆண்டைப் போட்டால் திறக்க வேண்டும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி. படிக்க முடியாதவர்களுக்குத் தொலைபேசியில் குரல் கேட்டு எண்ணை அழுத்தும் வழி. அந்த 52 மைய ஆய்வில் இணையமா, தானியங்கித் தொலைபேசியா என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள், நிரப்பாதவர்களை ஊழியர்கள் கூப்பிட்டு நினைவூட்டினார்கள். எதிர்பார்த்த வாரப் படிவங்களில் 91.5 சதவீதம் நிரம்பி வந்தது அதனால்தான்.

நிரப்பாதவரைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். நான்கு வாரம் ஒழுங்காக அனுப்பியவர் ஐந்தாவது வாரம் அனுப்பவில்லை என்றால், கைபேசியைத் தூக்க முடியாத நிலையில் படுத்திருக்கலாம். எங்கள் பட்டியலில் ‘பதில் இல்லை’ என்பதும் சிவப்புதான்.

வேலைப்பளு? வரும், மறைத்துப் பயனில்லை. ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை, எச்சரிக்கை எல்லையைச் சரியாக வைத்தால். எப்போதுமே வலி ஆறு என்று இருப்பவருக்கு வாராவாரம் மணி அடித்தால் இரண்டே மாதத்தில் நர்ஸ் அந்த மணியைக் காதில் வாங்க மாட்டார். போன முறையைவிட மோசமானதா என்று பாருங்கள். புதிதாக வந்ததா என்று பாருங்கள். லேசானவற்றுக்கு, மலச்சிக்கலுக்கு என்ன செய்யலாம், வாய்ப்புண்ணுக்கு எப்படி வாய் கொப்பளிக்கலாம் என்று படிவமே உடனே ஆலோசனை காட்டட்டும். இங்கிலாந்தின் லீட்ஸில் கலினா வெலிகோவா குழுவின் இ-ராபிட் ஏற்பாட்டில் இப்படித்தான் இருந்தது. 508 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் ஆறாவது, பன்னிரண்டாவது வாரங்களில் உடல்நலன் மேம்பட்டிருந்தது, பதினெட்டாவது வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆரம்ப வாரங்களில்தான் நோயாளிக்கு எது சகஜம், எது ஆபத்து என்று தெரியாமல் தடுமாற்றம் அதிகம் என்பது என் அனுபவம். ஆள்பலம் குறைவென்றால் முதல் மூன்று சுற்றுக் கீமோவுக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்கள்.

மறுபடி அந்த மூத்த மருத்துவர். அவரை ஆய்வுத்தாள்களால் மாற்ற முடியாது, முயற்சிக்க வேண்டாம். நோயாளி உள்ளே வருவதற்கு முன் அரைப் பக்க அச்சுத் தாளாக அன்றைய பதில்களை அவர் மேசையில் வையுங்கள். இரண்டு சிவப்பு வரிகள் இருந்தால் போதும். இன்னொரு திரையைத் திறந்து, மூன்று கிளிக் செய்து பார்க்கச் சொன்னால் பார்க்கவே மாட்டார், நானும் பார்த்ததில்லை. அவரிடம் கேட்க வேண்டிய உதவி ஒன்றே ஒன்று: ‘தூக்கம் வரலைன்னு எழுதியிருக்கீங்களே’ என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைக் கேட்ட நோயாளி அடுத்த வாரமும் நிரப்புவார். யாரும் எதுவும் கேட்காவிட்டால் மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிடுவார். நிரப்பும் சதவீதம் சரிந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது மென்பொருளை இல்லை, அந்த ஓபியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். எட்மன்டன் அளவுகோலைக் காகிதத்தில் அச்சடித்து, ஒரே ஓபியில், ஒரே நர்ஸை வைத்து ஓட்டிப் பாருங்கள். எத்தனை பேருக்கு ஏழுக்கு மேல் வருகிறது, அதில் எத்தனை பேரை அன்றே கவனிக்க முடிந்தது, மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். எத்தனை ஆள் வேண்டும் என்பது அந்த நோட்டில் வந்துவிடும். நிர்வாகத்திடம் மென்பொருளோடு சேர்த்து அந்த ஆட்களையும் கேளுங்கள்.